பேருக்கு நின்ற இருபத்தாறு நாள்

புனே கேம்ப் பின்பக்கம் நம் சுகாதாரத் துறையின் ஹஜேரிக் கொட்டகை இருக்கிறதே, காலை ஆறு மணிக்குப் பேர் கூப்பிட்டு ஆட்களைத் தெருத்தெருவாகப் பிரித்து அனுப்புகிற இடம், அதற்குத் தகரக் கூரை வரவழைத்தவன் நான். அதற்கு முன்னால் மழை கொட்டினாலும் வெட்டவெளியில் நின்றுதான் பேர் கொடுப்போம். அங்கே உள்ள தண்ணீர்க் குழாய் நான் கொண்டுவந்தது. பெண்கள் வேலை முடித்துக் கை கால் கழுவிப் புடவை மாற்ற ஓர் அறை, உள்பக்கத் தாழ்ப்பாளோடு, அதற்காக மூன்று வருஷம் நடந்தேன். ரப்பர் பூட்ஸ் ஆம்பிளை அளவில் மட்டும் வந்துகொண்டிருந்தது. பெண்களின் கால் அளவை நூலில் எடுத்து, அந்த நூல்களை அப்படியே சாஹேப் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தவன் நான். பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வந்தால் அவள் இடம் அவளுக்கே என்று முதலில் செய்து காட்டியதும் என் கொட்டகைதான்.

இத்தனையும் செய்தவன் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஆம்பூர் பக்கத்திலிருந்து புனே வந்து இறங்கியபோது எனக்குத் தமிழ் தவிர ஒரு சொல் தெரியாது. மராத்தி எழுத்தைக் கடை போர்டுகளைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். மலேரியா மருந்து பம்பை முதுகில் தூக்கிக்கொண்டு ஆறு வருஷம், துடைப்பம் நாலு வருஷம், அப்புறம் முகாதம். முகாதம் என்றால் ஒரு கொட்டகைக்கு மேஸ்திரி. நம் துறையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தமிழன் நான். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

நீங்கள் டிப்ளமா படித்துவிட்டு சூப்பர்வைசராக வந்திருக்கிறீர்கள். ஊழியர் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க ஐயா என்று வீடு தேடி வந்து கேட்டீர்கள். மருந்து எத்தனை பங்கு, தண்ணீர் எத்தனை பங்கு என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆட்களை வைத்து வேலை வாங்குவதில் நான் செய்த ஒரு பெரிய தப்பையும், அதை நானே நேர் செய்ததையும் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

எனக்கு முன்னால் முகாதமாக இருந்தவர் ஒரு மராத்திக்காரர். கொட்டகை முழுவதற்கும் அவர் மாமா. பொறுப்பை என் கையில் கொடுத்த அன்று ஒன்றே ஒன்று சொன்னார். "புஸ்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிடாதே. ஆளைப் பார்த்துக் கூப்பிடு. புஸ்தகம் எங்கேயும் ஓடாது." அதன்படியே தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். யார் கண் சிவந்திருக்கிறது, யார் நேற்றுக் கட்டிய புடவையோடு வந்திருக்கிறாள், எவன் நடையில் தள்ளாட்டம், எல்லாம் பேர் கூப்பிடுகிற பத்து நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிடும். அதை வைத்துத்தான் யாரை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வேன். காய்ச்சல்காரனைச் சாக்கடைக்கு அனுப்ப மாட்டேன். வீட்டில் சண்டை போட்டு வந்தவளைத் தனியாக அனுப்ப மாட்டேன்.

அந்தக் காலை நேரம் இருக்கிறதே, அதை எப்படி உங்களுக்குச் சொல்வது. டிசம்பரில் பனி இறங்கிக் கிடக்கும். முதலில் ஆள் தெரியாது, தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடுவது மட்டும் கேட்கும். அப்புறம் ஒவ்வொரு முக்காடாக வெளிப்படும். நான் பேர் கூப்பிட, "ஹஜர்" என்று பதில் வரும். இருக்கிறேன் என்பதற்கு மராத்திச் சொல். முப்பது தொண்டையிலிருந்து முப்பது விதமான ஹஜர். மூலைக் கடையிலிருந்து ஒரு கெட்டிலில் டீ வரும், ஒரு டம்ளரை இரண்டு பேர் பகிர்ந்து குடிப்போம். இப்போதும் ஐந்தேகால் மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்துகொண்டு யாரைக் கூப்பிட.

நீங்கள் கட்டைவிரல் மெஷின் வைத்திருக்கிறீர்கள். அதில் ஒருவருக்காக இன்னொருவர் வைக்க முடியாது, நல்லதுதான். எங்கள் காலத்தில் முடியும். எங்கள் கொட்டகையில் அதற்குப் 'பேருக்கு நிற்பது' என்று பெயர். பர்மனென்ட் ஆளுக்கு ஊரில் சாவு, கல்யாணம் என்று வரும், லீவு பாக்கி இருக்காது. அப்போது ஒரு பத்லி, அதாவது ஆள் குறைந்தால் மட்டும் வேலைக்கு எடுக்கப்படும் தினக்கூலி, அவன் பேருக்கு வந்து நிற்பார். நான் "தனபால்" என்று கூப்பிடுவேன். ஒரு பெண் குரல் "ஹஜர்" என்னும். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். புத்தகத்தில் தனபால் வந்ததாகக் கோடு விழும். ஒரு நாள், இரண்டு நாள், யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்தோம்.

தனபால் என் மனைவியின் தம்பி. அவனைப் பர்மனென்ட் வேலையில் சேர்த்தவனும் நான்தான். அவன் பேருக்கு நின்றவள் சரோஜா. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரி. புருஷன் விட்டுப் போய்விட்டான், இரண்டு பிள்ளைகள். ஒன்பது வருஷமாகப் பத்லி. கொட்டகையில் அவளுக்கு இருந்த வாய் வேறு யாருக்கும் கிடையாது. என்னை அண்ணே என்பாள். அண்ணே என்று ஆரம்பித்தால் அடுத்தது திட்டாகத்தான் இருக்கும்.

பத்லிகளின் குறை என்னவென்றால், ஒரு வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்த பத்லி பர்மனென்ட் கேட்கலாம். ஆபீஸுக்கும் அது தெரியும். அதனால் இருநூறு நாள் நெருங்கும்போதே ஏதாவது காரணம் சொல்லி வேலை கொடுக்காமல் நிறுத்திவிடுவார்கள். வருஷாவருஷம் இதே கதை. கடைசியில் எங்கள் கொட்டகைப் பத்லிகள் பதினோரு பேர், எல்லாரும் பெண்கள், ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்கள் உட்கார்ந்த நாலாவது நாள் பிளேக் என்று செய்தி வந்தது.

குஜராத் பக்கம் பிளேக் என்று பேப்பரில் வந்த அந்த வருஷத்தைச் சொல்கிறேன். கணபதி கரைத்து முடிந்து நவராத்திரி வருவதற்குள் ஊரே முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டது. மருந்துக் கடைகளில் கேப்ஸ்யூல் காலி. எங்கேயாவது எலி செத்துக் கிடந்தால் தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது. மறுநாள் காலை நான் பேர் கூப்பிட்டேன். முப்பது பர்மனென்ட் ஆட்களில் பதினோரு பேரைக் காணோம். ஊருக்கு ஓடிவிட்டார்கள். தனபாலும்தான்.

அப்போது எங்கள் மெடிக்கல் ஆபீசர் ஒரு மராத்தி அம்மா. கெட்டிக்காரி, கண்டிப்பானவர். அன்று எட்டு மணிக்கு எல்லா முகாதம்களையும் நிற்க வைத்துச் சொன்னார்: "தினம் பத்து மணிக்கு வராதவர் லிஸ்ட் என் மேஜைக்கு வரணும். லிஸ்டில் இருக்கிறவனுக்கு அன்றைக்கே சஸ்பென்ஷன். ஆள் போதவில்லை என்றால் கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிடுவேன். ஒரு தடவை கான்ட்ராக்டர் உள்ளே வந்தால் உங்கள் கொட்டகை அவ்வளவுதான்."

எனக்கு இருந்தது இரண்டு மணி நேரம். நேராக வாசலுக்குப் போனேன்.

"சரோஜா, எழுந்திரு. ஆள் பத்தலை."

"இத்தினி நாளு வாணாம் வாணாம்னு தள்ளி வெச்சீங்க. இப்ப எலி செத்து வுழுந்ததும் சரோஜா வேணுமா?"

"ஊருக்கே ஆபத்து."

"ஆபத்துன்னா பர்மனென்ட்டு ஆளுங்களைக் கூப்புடு. உன் மச்சான் எங்க? நேத்து பொண்டாட்டி புள்ளையோட ஸ்டேஷன்ல நின்னாராமே. மூட்டை முடிச்செல்லாம் பலமாம்."

மற்ற பத்துப் பெண்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க நேரமில்லை.

"நீங்க வரலைன்னா கான்ட்ராக்டர் வருவான். அப்புறம் பர்மனென்ட்டும் கிடையாது, பத்லியும் கிடையாது. இப்ப வந்தா இந்த நாளெல்லாம் கணக்குல ஏறும். நான் சொல்றேன்."

"நீ சொல்றியா, ஆபீஸ் சொல்லுதா?"

"நான் சொன்னா ஆபீஸ் சொன்ன மாதிரி."

"சரி, சும்மா வெயில்ல குந்திக்கினு கீறதுக்கு வேலையாவது செய்யலாம்" என்று புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "ஆனா அண்ணே, நாளை எண்ணி வெச்சுக்கோ. நானும் எண்ணுவேன்."

ஓடிப்போனவர்கள் பதினோரு பேர், எழுந்து வந்தவர்கள் பதினோரு பேர். ஆளுக்கு ஆள் அப்படியே சரியாக இருந்தது. அதுதான் என் புத்தியைக் கெடுத்தது. ஓடிப்போன பதினோரு பேரின் பேரையும் கூப்பிட்டேன், பதினோரு பெண்களும் ஹஜர் சொன்னார்கள். பத்து மணிக்கு மேடம் மேஜையில் என் லிஸ்டை வைத்தேன். வராதவர்: யாருமில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மற்ற கொட்டகைகளில் பாதி ஆள் இல்லை. உன்னிடம் மட்டும் எப்படி?"

"என் ஆட்கள் என் பேச்சை மீற மாட்டாங்க மேடம்" என்றேன்.

மச்சானைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று பின்னால் பலர் சொன்னார்கள். பதினோரு குடும்பத்தின் வேலையைக் காப்பாற்ற எழுதினேன் என்று நான் சொல்லிக்கொண்டேன். இரண்டும் உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, ஊரே ஓடுகிறபோது என் கொட்டகை ஒன்றில்தான் முழு ஹஜேரி என்று ஆபீஸ் பேசணும், அந்த ஆசையும் சேர்ந்துதான் என் பேனாவைத் தள்ளியது. பெருமை பேச எனக்குப் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் பேனாவைப் பிடித்திருக்கும்போது பெருமையைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். உங்களுக்கு நான் சொல்வதில் முக்கியமானது இது.

இருபத்தாறு நாள் அந்தப் பெண்கள் வேலை செய்தார்கள். ரயில் லைன் ஓரத்துச் சாள்களில், அந்த ஒற்றை அறை வரிசை வீடுகளில், வீட்டுக்காரர்களே நுழையப் பயந்த அறைகளில் நுழைந்தார்கள். செத்த எலிகளை இடுக்கியில் எடுத்தார்கள். எலி வளைகளில் மருந்து போட்டு அடைத்தார்கள். சரோஜா தன் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். வேலை முடிந்து போனால் வாசலில் நின்று பார்த்துவிட்டு, தொடாமல் தள்ளிப் படுத்துக்கொள்வாளாம். நம் ஊருக்கு ஒன்றும் வரவில்லை. பயம் அடங்கியது, ஓடினவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தங்கள் பேரில் வந்த கூலியை அந்தப் பெண்களிடம் என் முன்னாலேயே கொடுத்தார்கள். எனக்கு மேடம் கையெழுத்துப் போட்ட ஒரு சான்றிதழ் கிடைத்தது. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன்.

பிறகு சில வருஷம் போயிற்று. எல்லாக் கொட்டகைப் பத்லிகளுக்காகவும் யூனியன் லேபர் கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தது. எந்த ஒரு வருஷத்திலாவது இருநூற்று நாற்பது நாள் புத்தகத்தில் இருந்தால் அவர்களைப் பர்மனென்ட் ஆக்குகிறோம் என்று ஆபீஸ் இறங்கி வந்தது. மற்ற எல்லா வருஷங்களிலும் ஆபீஸ் கணக்காக நிறுத்தியிருந்தது. பிளேக் வருஷத்தில் மட்டும்தான் கலவரத்தில் நிறுத்த மறந்தார்கள். அதனால் மற்ற கொட்டகைப் பத்லிகள் அந்த ஒரு வருஷத்தை வைத்து லிஸ்டில் ஏறினார்கள். என் கொட்டகையிலிருந்து ஒருத்தி பேர்கூட இல்லை.

லிஸ்ட் ஒட்டிய அன்று சரோஜா ஹஜேரிக்கு ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாள். கேம்ப்பில் தமிழ்க்காரர் மளிகைக் கடை ஒன்றில் வருஷப் பிறப்புக்குத் தினசரி காலண்டர் கொடுப்பார்கள், தினம் ஒரு தாள் கிழிக்கிற மாதிரி. வேலை கிடைத்த நாளின் தாளை டின்னில் போடுவாள். கிடைக்காத நாளின் தாளில் அடுப்புப் பற்ற வைப்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்று கொண்டுவந்தது பிளேக் வருஷத்து டின், தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு நூறு நூறாகக் கட்டி வைத்திருந்தாள்.

"எண்ணுண்ணே" என்றாள்.

நான் எண்ணவில்லை. எனக்குத் தெரியும். அவள் பேரில் புத்தகத்தில் இருந்தது இருநூற்று முப்பத்தொன்று. ஒன்பது நாள் குறைவு. டின்னில் இன்னும் இருபத்தாறு தாள் அதிகமாக இருக்கும்.

"என் நாளு எங்கண்ணே?"

"தனபால் பேர்ல இருக்கு" என்றேன்.

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. "அந்த எலியெல்லாம் உன் மச்சானா எடுத்துச்சு?" என்று கேட்டுவிட்டு டின்னை மூடினாள். அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று. நாற்பத்தைந்து தாண்டினால் பர்மனென்ட் கிடையாது. இது தவறினால் அடுத்த கேஸ் முடிவதற்குள் வயது போய்விடும். மற்ற பத்துப் பேருக்கும் இதே நிலைதான்.

யூனியன் செயலாளரிடம் போனேன். நல்ல பேச்சாளர், கேஸை நடத்தியவர். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "கோவிந்தசாமி, இதைக் கிளறினால் என்ன ஆகும் தெரியுமா? ஓடிப்போன பதினோரு பேர்மேலும் நடவடிக்கை. பொய்யாக எழுதினாய் என்று உன் மேலும். உன் இன்ஸ்பெக்டர் ஃபைல் மேலே போயிருக்கிறது. ஆறாம் கிளாஸ் படித்தவன் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆவது இந்த ஊரில் இதுவரை நடந்ததில்லை. இன்னும் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இரு. அந்தப் பெண்களுக்கு அடுத்த தடவை பார்ப்போம்."

வீட்டுக்கு வந்தால் தனபால் உட்கார்ந்திருந்தான். நான் வீடு வந்து சேர்வதற்குள் செயலாளர் அவனிடம் பேசியிருக்கிறார்.

"மாமா, எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

"அவளுக்கும் ரெண்டு புள்ளைங்கடா."

"அவ யாரு, நான் யாரு?"

என் மனைவி சமையல்கட்டிலிருந்து வெளியே வரவில்லை. அவள் வராததே பதில்.

லிஸ்டில் விட்டுப்போனவர்கள் கோர்ட்டில் ஆட்சேபம் சொல்லலாம் என்றிருந்தது. அந்த விசாரணை நாளில் ஆபீஸ் வக்கீல் சரோஜாவின் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "இதில் நல்ல நேரம் கெட்ட நேரம்கூடப் போட்டிருக்கிறது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சரோஜாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு வக்கீல் என் சான்றிதழின் நகலை எடுத்து நீட்டினார். "பிளேக் காலத்தில் முழு ஹஜேரி இருந்த ஒரே கொட்டகை இது. ஒருவர்கூட லீவு இல்லை. பிறகு பத்லிக்கு அங்கே என்ன வேலை?"

என் சான்றிதழே அவளுக்கு எதிராக நின்றது.

என்னைக் கூப்பிட்டது, புத்தகத்தில் இருப்பது உன் எழுத்துதானா என்று கேட்கத்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கினால் இன்ஸ்பெக்டர்.

"எழுத்து என்னுடையதுதான் சாஹேப். எழுதினது பொய்" என்றேன்.

செயலாளர் எழுந்துவிட்டார். ஜட்ஜ் அவரை உட்காரச் சொன்னார்.

வக்கீல் சிரித்தபடியே புத்தகத்தைப் புரட்டினார். "இத்தனை வருஷத்துக்குப் பிறகு எந்த நாள் யார் பேருக்கு யார் நின்றார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?"

"கேளுங்க."

அவர் ஒரு தேதியைச் சொல்லி மூன்றாவது பேரைக் கேட்டார். "லட்சுமி நின்னா. காய்ச்சலோட வந்தா. பதினோரு மணிக்கு நான்தான் தவாகானாவுக்கு அனுப்பினேன். பிளேக்னு அழுதா, மலேரியான்னு சொன்னாங்க." இன்னொரு தேதி, இன்னொரு பேர். சொன்னேன். முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டவனுக்கு முகம் மறக்குமா. ஆனால் வக்கீல் கையை விரித்தார். "வாயால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். காகிதம் எங்கே?"

அங்கே நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது. முதல் நாள் காலை தெருவுக்கு அனுப்பும் முன் எல்லாரையும் தவாகானாவுக்கு, அதாவது நம் துறை மருந்தகத்துக்கு, கூட்டிக்கொண்டு போய், கம்பவுண்டர் எதிரிலேயே கேப்ஸ்யூல் விழுங்க வைத்தோம். கேப்ஸ்யூல் கிடைக்காத நேரம், அதனால் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் ரேகை வாங்கினார்கள். பிறகு வாராவாரம்.

"சாஹேப், வேலைக்கு ஒருத்தர் பேருக்கு இன்னொருத்தர் நிக்கலாம். மாத்திரையை இன்னொருத்தர் பேருக்கு முழுங்க முடியாது. தவாகானா புஸ்தகத்தை வரவழைச்சுப் பாருங்க. அதுல இந்தப் பதினோரு பெண்களும் சொந்தப் பேர்ல இருப்பாங்க. தனபால் இருக்க மாட்டான்."

அடுத்த தவணைக்குப் புத்தகம் வந்தது. பதினோரு பேர், பதினோரு ரேகை, நாலு வாரமும். தனபால் இல்லை. ஓடிப்போன ஒருவர்கூட இல்லை.

பதினோரு பேரும் பர்மனென்ட் ஆனார்கள். ஓடிப்போனவர்களுக்கு அந்த இருபத்தாறு நாள் போயிற்று, சர்வீஸில் வெட்டு விழுந்தது. வேலை போகவில்லை. எனக்கு முகாதம் பதவி போயிற்று, இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடிவிட்டார்கள். சான்றிதழைக் கழற்றிக்கொண்டு போய் மேடத்திடம் கொடுத்தேன். அவர் வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டு, "அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பதினோரு பெண்கள் பேரில் இதைக் கொடுத்திருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

அதே கொட்டகையில், நான் போட வைத்த கூரைக்குக் கீழே, துடைப்பத்தோடு வரிசையில் நின்றேன். புது முகாதம் பேர் கூப்பிட்டான். "சரோஜா." "ஹஜர்." பர்மனென்ட் ஆளாக அவள் சொந்தப் பேரில் சொன்ன முதல் நாள் அது. என் வாழ்க்கையில் எத்தனையோ கேட்டிருக்கிறேன், அதுபோல் ஒன்றைக் கேட்டதில்லை.

வேலை முடிந்து டீ வந்தபோது வழக்கம்போல் அரை டம்ளரை அவள் பக்கம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "நீ அன்னிக்கே நேரா எழுதியிருந்தா எனக்குக் கோர்ட்டு எதுக்கு முகாதம்?" என்றாள். கையில் துடைப்பம் வைத்திருந்தவனை முகாதம் என்றாள். அண்ணே என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து அப்புறம் வரவே இல்லை. மூன்று வருஷத்தில் என் பதவி திரும்பக் கிடைத்தது, ரிட்டயர் ஆகும்வரை நான்தான் முகாதம். அத்தனை வருஷமும் அவள் என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசினாள். ஒரு நாள்கூட லேட்டாக வரவில்லை. ஒரு நாள்கூட என்னைத் திட்டவில்லை.

தனபால் தன் பெண் கல்யாணத்துக்கு அக்காவைக் கூப்பிட்டான், என்னைக் கூப்பிடவில்லை. அவன் போன வருஷம் தவறிவிட்டான். சரோஜா ரிட்டயர் ஆகி தேஹு ரோடில் மகளோடு இருக்கிறாள், மருமகனுக்கு டிப்போவில் வேலை. போன மாதம் லோக்கல் ரயில் ஏறி அங்கே போனேன். ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து, ஆட்டோ நிறைந்து கிளம்பும் சமயத்தில் இறங்கிவிட்டேன். ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன். எனக்கு மன்னிப்பு எல்லாம் வேண்டாம். அண்ணே என்று ஆரம்பித்து அவள் பழையபடி நாலு திட்டுத் திட்டினால் போதும். அதற்கு இன்னொரு நாள் போவேன், மழை நின்ற பிறகு.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி எனக்கு வேண்டியது.

மலரின் முதல் பக்கத்தில் போடப்போகும் பட்டியலை என்னிடம் காட்டினீர்கள். 'பத்லிகளுக்கு நிரந்தரம் பெற்றுத் தந்தவர்கள்' என்று செயலாளர் பேர் இருக்கிறது, யூனியன் வக்கீல் பேர் இருக்கிறது, அப்போதைய பெரிய சாஹேப் பேரும் இருக்கிறது. என் பேர் இல்லை. பழசைக் கிளறி எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று விட்டிருக்கலாம். எனக்குச் சங்கடம் இல்லை. அதில் என் பங்கு எழுதப்பட வேண்டும், அரைப்பங்காக வேண்டாம், முழுதாக. பிளேக் காலத்தில் வாசலில் இருந்தவர்களை எழுப்பிக் கூட்டி வந்தவன், அவர்கள் நாட்களை வேறு ஆட்கள் பேரில் எழுதியவன், கோர்ட்டில் நின்று அதைப் பொய் என்று சொன்னவன், மூன்றும் ஒரே ஆள் என்று வரவேண்டும். நடுவில் இருப்பதை விட்டுவிட்டு முதலையும் கடைசியையும் மட்டும் போட்டால் நான் ஒப்ப மாட்டேன். பதினோரு பெண்களின் பேர் எல்லாருக்கும் மேலே வரட்டும், சரோஜா பேர் முதலில். அவர்களுக்குக் கீழே, செயலாளருக்கு மேலே என்னைப் போடுங்கள். ஆ. கோவிந்தசாமி, முகாதம். இதைப் போடாமல் மலர் அச்சுக்குப் போகக் கூடாது.